கருவேலும் சீமைக் கருவேலும்: தாவரப் பெயர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம்

மதுரைக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரிற் கண்டதொன்றைச் சொல்லி இவ்விஷயத்தைத் தொடங்குகிறேன். கிராமத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. யாரையும் குறை கூறுவதும் என் நோக்கமன்று. 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்றுமாறு உத்தரவிட்டதும், அதன்பின் தென் மாவட்டங்களின் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் அவ்வேலை மும்முரமாக நடைபெற்றதும் யாவரும் அறிந்ததே. நான் சொல்லும் கிராமத்திலும் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. அதை எழுதியவர் அவசரத்திலோ, இடம் போதாமையாலோ, "சீமை" என்னும் சொல்லை விட்டுவிட்டு, "கண்மாய்க்குள் உள்ள கருவேல மரங்கள் அகற்றப்படும்" என்று மட்டும் எழுதிவிட்டார். குத்தகைக்காரரின் ஆட்கள் மண்வாரி இயந்திரத்துடன் வந்தார்கள். கண்மாயின் உள்வாயில், சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் காலத்தில் நட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற நல்ல நாட்டுக் கருவேல்கள் முதலில் விழுந்தன. அவை பருத்த மரங்களாகையால் விலை போகும். கரைமேல் முள்ளும் புதருமாய் நின்ற சீமைக் கருவேலோ கடைசிவரை நின்றது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து, "ஐயா, இது வேறு மரம், அது வேறு மரம்" என்று சொல்லிப் பார்த்தார். ஆட்களின் தலைவர் அறிவிப்பைக் காட்டி, "காகிதத்தில் கருவேல் என்றுதானே இருக்கிறது" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உதவிய மரமும், ஆடுகள் காய் தின்ற மரமும், கொக்கும் நாரையும் கூடு கட்டிய மரமும் ஒரு சொல் விடுபட்டமையால் இரண்டு நாளில் மறைந்தன. நட்ட ஈடு கேட்கவும் வழியில்லை. உத்தரவை மீறியதாக யார்மேல் குற்றம் சாட்டுவது?

செடிகொடிகளின் பெயர்களைப் பற்றிப் பேசுவது கல்லூரி ஆசிரியர்களுக்குரிய காரியம், குடியானவனுக்கும் கிராம அதிகாரிக்கும் அதனால் ஆவதொன்றுமில்லை என்று நினைப்பவர் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவனே. மேற்படி கண்மாயைக் கண்டபின் என் அபிப்பிராயம் மாறிற்று.

நம் முன்னோர் மரங்களுக்குப் பெயரிட்ட முறையைச் சற்றுக் கவனித்தால் அதில் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். "வேல்" என்பது ஒரு கூட்டத்தின் பெயர். அதன் முன் ஓர் அடைமொழி சேர்ந்து கருவேல், வெள்வேல், குடைவேல் என்று ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது. கருத்த பட்டையுள்ளது கருவேல். வெளிறிய பட்டையுள்ளது வெள்வேல். குடைபோல் மேற்புறம் தட்டையாகப் பரந்தது குடைவேல். கூட்டத்துக்கு ஒரு சொல், அதனுள் ஒவ்வொன்றையும் பிரித்தறிய இன்னொரு சொல். ஐரோப்பிய தாவர சாஸ்திரத்தின் பெயரிடும் முறையும் சாரத்தில் இதுவே. சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் பேரறிஞர் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய 6,000 தாவரங்களுக்கு இவ்வாறு இரு சொற்பெயர் அமைத்தார். அதற்கு முன் அங்கே ஒரு செடியின் பெயர் ஒரு முழு வாக்கியமாக இருந்தது. இலை இப்படி, பூ இப்படி, காய் இப்படி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாவது சொல் சிற்றினத்தையும் குறிக்க, இரண்டும் சேர்ந்து உலகத்தில் ஒரே ஒரு தாவரத்துக்கு உரியதாகும் என்பது அவர் நிலைநாட்டிய வழக்கம்.

அடைமொழிகளின் பொருளைப் பார்த்தால் இன்னும் வியப்பாயிருக்கும். வெள்வேலுக்குச் சாஸ்திரப் பெயரின் இரண்டாவது சொல் "லூக்கோஃப்ளோயியா". அதன் பொருள் வெள்ளைப் பட்டை என்பதே. குடைவேலுக்கு வழங்கும் "பிளானிஃப்ரான்ஸ்" என்னும் சொல் தட்டையாகப் பரந்த தழையைக் குறிக்கும். உழவன் கண்ணும் சாஸ்திரியின் கண்ணும் ஒரே அடையாளத்தில் போய் நின்றிருக்கின்றன. இனிச் சீமைக் கருவேலுக்கு வருவோம். அதன் இரண்டாவது சொல் "ஜூலிஃப்ளோரா". திரிபோல் நீண்டு தொங்கும் பூங்கொத்துடையது என்று அர்த்தம். கண்மாயில் வெட்ட வந்தவருக்கு இந்த ஒரு சொல் தெரிந்திருந்தாலே போதும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக, சிறு பந்துபோல் இருக்கும்; சீமைக் கருவேலின் பூ விரல் நீளத்துக்குத் திரியாக இருக்கும். காயிலும் வேற்றுமை உண்டு. நாட்டுக் கருவேலங்காய் சாம்பல் பூத்து, விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலைபோல் தோன்றும். சீமைக் கருவேலங்காய் அப்படி இறுகாமல் நீண்டு, பழுத்தால் வைக்கோல் நிறமாகி, தித்திப்பாயிருக்கும்.

இவ்வளவு அழகான முறை நம்மிடமே இருக்க, லத்தீன் பெயர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர்ப்பெயர் அடைமொழியைச் சேர்ப்பதில் தேர்ந்தது. ஆனால் எதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதில் சில சமயம் வழி தவறும். அதோடு, ஓர் ஊரின் பெயர் அடுத்த ஊரில் செல்லாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லி என்றால் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லிகை. அங்கிருந்து பலசரக்குக் கடைக்குப் போய் மல்லி என்றால் கொத்தமல்லி விதையை அளந்து போடுவார்கள். பவளமல்லி மல்லிகைப் பேரினத்தைச் சேர்ந்ததன்று. மரமல்லி அதற்கும் வெகு தூரத்தது. சிறு நெருஞ்சியும் பெருநெருஞ்சியும் அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும் அவை இரண்டு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பூ வியாபாரத்திலும் மருந்துக் கடையிலும் இவற்றால் வரும் குழப்பம் சிறிதாயிருக்கலாம். வரகு விஷயம் அப்படியன்று.

வரகு என்பது பாஸ்பாலம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பனிவரகு என்று நாம் சொல்வது பெயரளவில்தான் வரகு. அதன் பேரினம் பானிக்கம். சாமையும் அந்தப் பானிக்கமே. ஆகவே பனிவரகுக்கு நெருங்கிய உறவு சாமையே தவிர வரகன்று. வரகு வயலில் நிற்கும் காலம் நீண்டது. பனிவரகு குறுகிய நாளில் கதிர் முற்றி அறுவடைக்கு வந்துவிடும். பேரையூர், திருமங்கலம் பக்கங்களில் மானாவாரியாகச் சிறுதானியம் விதைப்பவர்கள் இவற்றை ஒருபோதும் மாற்றிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அடங்கலில் "வரகு" என்று மட்டும் ஏறிவிட்டால், அந்தப் பதிவை வெளியூரில் பார்ப்பவருக்கு எந்தப் பயிர் என்று எப்படித் தெரியும்? பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் நகல் கேட்கும் இக்காலத்தில் இது காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

பருத்தியிலோ பெயர் இன்னும் ஆழமாகச் செல்கிறது. கரிசல் மண்ணில் பரம்பரையாக விளைந்த கருங்கண்ணி "காசிப்பியம் ஆர்போரியம்" என்னும் சிற்றினம். கம்போடியாவும் அதன் வழிவந்த நீளிழைப் பருத்திகள் பலவும் "காசிப்பியம் ஹிர்சூட்டம்". இரண்டும் ஒரே பேரினமாயினும், முன்னதன் உயிரணுவில் குரோமோசோம்கள் 26, பின்னதில் 52. அதனால் இவ்விரண்டும் அருகருகே நின்றாலும் இயல்பாகக் கலந்து நல்ல விதை பிடிப்பது அரிது. விதை கலந்துவிட்டது என்று புகார் சொல்பவர், பூவிலே கலந்ததா, அரவை ஆலையில் கொட்டை கலந்ததா என்று ஆராய்வதற்கு முன் இவ்விரு சொற்களைத் தெரிந்துகொள்வது நன்று. "நாட்டுப் பருத்தி" என்னும் சொல் இவ்வளவையும் சொல்லாது.

வகுப்பதிலும் நம்மவர்கள் பிற்பட்டவர்களல்லர். வெளியே வயிரமும் உள்ளே மென்மையும் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லின் பக்கம் சேர்கின்றன. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று இன்று பள்ளிச் சிறுவர்கள் படிக்கும் பிரிவினையோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. மூங்கிலோ உண்மையிலேயே புற்குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் பெயரிடுவதில் சிறந்தவராயினும் வகுப்பதில் மகரந்தக் கேசரங்களின் எண்ணிக்கையைக் கொண்டே பெரும்பாலும் 24 வகுப்புகள் அமைத்தார். அது எண்ணுவதற்கு எளிது. ஆனால் உறவில்லாதவற்றை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது. பின்வந்தவர்கள் பூ, காய், விதை, இலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1998 முதல் மரபணுவை ஒப்பிட்டு வகுக்கும் முறை பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. இதைக் கொண்டு எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டிக்கொள்வது எனக்கு உடன்பாடன்று. கையால் தட்டிப் பார்த்து, வாளால் அறுத்துப் பார்த்து வகுத்தார்கள். அது ஒரு நல்ல தச்சனின் அறிவு.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலடியில் கிடக்கும் பூண்டுக்கும் மலைச்சரிவில் நிற்கும் நெல்லி மரத்துக்கும் ஒரே பெயரை யார் சூட்டினாரோ, அவர் சிறந்த தாவர சாஸ்திரி. இரண்டும் ஃபில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினம்.

இனி, நேயர்கள் எழுப்பக்கூடிய பெரிய ஆட்சேபத்துக்கு வருகிறேன். "இந்தச் சாஸ்திரிகள் தலைமுறைக்கு ஒரு பெயர் மாற்றுகிறார்களே, நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?" என்பது அது. ஆட்சேபத்தில் உண்மை உண்டு. நம் கருவேலையே எடுத்துக்கொள்வோம். லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயர் மிமோசா நிலோட்டிக்கா. பிறகு அது அக்கேசியா ஆயிற்று. பழைய இலாகா வெளியீடுகளில் அக்கேசியா அராபிக்கா என்றும், அக்கேசியா நிலோட்டிக்கா என்றும் காணலாம். இன்றோ அது வாச்செல்லியா நிலோட்டிக்கா. இதன் கதை சுவையானது. முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அக்கேசியா என்னும் பெயர். நைல் நதிக்கரையில் வளரும் நம் கருவேலே அப்பேரினத்தின் மூல மாதிரியாக நின்றது. பழைய பேரினம் உண்மையில் பல கூட்டங்களின் கலவை என்று ஆராய்ச்சியில் தெளிவாகி, அதைப் பிரிக்க வேண்டி வந்தபோது, அக்கேசியா என்னும் பெயர் யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. 2005-ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாடு, அந்தப் பெயரை ஏறக்குறைய ஆயிரம் சிற்றினங்களைக் கொண்ட ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே விட்டுக்கொடுத்தது. 2011-இல் மெல்பர்ன் மாநாடு அதை உறுதி செய்தது. முள்ளின் பெயர் பெரும்பாலும் முள்ளில்லாத மரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆப்பிரிக்கர்கள் பலர் வருந்தினார்கள். நம் நாட்டில் அதிக ஓசை எழுந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் நமக்கு ஓர் ஆறுதல். வாச்செல்லியா என்னும் பெயர் எங்கிருந்தோ வந்ததன்று. சென்னை ராஜதானியில் மருத்துவராகப் பணியாற்றி, ரங்கையா, கோவிந்து என்னும் நம்நாட்டுச் சித்திரக்காரர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான செடிகளை வரையச் செய்த ராபர்ட் வைட் என்பவரும், ஆர்னாட் என்னும் அவருடைய நண்பரும், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1834-இல் வெளியிட்ட நூலில் அமைத்த பேரினப் பெயரே அது. நெடுங்காலம் உறங்கிக் கிடந்து இப்போது எழுந்து வந்திருக்கிறது.

சீமைக் கருவேலும் மாறியிருக்கிறது. நம்மவர்கள் அதைக் கருவேலோடு சேர்த்தார்கள்; சாஸ்திரிகளோ கோயில்களில் வழிபடும் வன்னி மரத்தோடு சேர்த்துப் புரோசோபிஸ் என்று வைத்திருந்தார்கள். 2022-இல் வெளியான ஆராய்ச்சியில் அமெரிக்கக் கூட்டம் தனியே பிரிக்கப்பட்டு, அது நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. வன்னி மட்டும் புரோசோபிஸாகவே இருக்கிறது. வன்னிக்கு இவ்வுறவு நீங்கியதில் எனக்குச் சொந்தமாக ஒரு மகிழ்ச்சி.

இம்மாற்றங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். நிலோட்டிக்கா நிலோட்டிக்காவாகவும், ஜூலிஃப்ளோரா ஜூலிஃப்ளோராவாகவும் நிற்கின்றன. பெரும்பாலும் மாறுவது முதற்சொல். அதாவது வீட்டு விலாசம். இரண்டாவது சொல்லும் மாறுவதுண்டு. கம்புக்குப் பென்னிசெட்டம் என்னும் முதற்சொல்லின் கீழ் டைஃபாய்டிஸ், அமெரிக்கானம், கிளாக்கம் என்று மூன்று அடைமொழிகள் வழங்கி வந்தன. இப்போது சென்க்ரஸ் அமெரிக்கானஸ் என்பவர்களும் உளர். ஆனால் ஒரு பெயர் மாறினால் பழைய பெயர் அழிக்கப்படுவதில்லை. புதுப் பெயரின் கீழ் வரிசையாக எழுதி வைக்கப்படுகிறது. எந்தப் பழைய பெயரைச் சொன்னாலும் அதே செடியிடம் போய்ச் சேரலாம். நம் கிராமக் கணக்கில் பட்டா மாறுதல் நடக்கும்போது பழைய உடையவரின் பெயர் எப்படித் தொடர்ந்து தெரிகிறதோ, அதைப் போன்றது என்று கொள்ளலாம். முதலில் முறைப்படி வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது பொது விதி. அந்தக் கணக்கு 1753 மே முதல் தேதியிலிருந்து தொடங்குகிறது.

பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதே இதில் முக்கியமான அம்சம். பெயர் வர்ணனையோடு மட்டும் நிற்பதில்லை. உலர்த்தி அழுத்திக் காகிதத்தில் ஒட்டிய ஒரு குறிப்பிட்ட கிளை, சில சமயம் ஒரு படம், அப்பெயருக்கு மூல மாதிரியாகப் பாதுகாக்கப்படுகிறது. சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்ப்பார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் கீழுள்ள மதராஸ் உலர்தாவரச் சாலையில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. எல்லைக் கல் நட்டிருக்கும் வரையில் நிலத்தின் பெயரை யார் மாற்றினாலும் நிலம் எது என்பதில் ஐயமில்லை அன்றோ? இந்த உலர்ந்த கிளைகள் அப்படிப்பட்ட கற்கள்.

நம் சொற்களும் அந்தக் கற்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முருங்கை என்பதே மோரிங்கா ஆயிற்று. மாங்காய் என்னும் சொல் போர்த்துகீசியர் வாய்வழிச் சென்று மாஞ்சிஃபெரா என்பதன் முற்பகுதியாயிற்று. வெட்டிவேர் வெட்டிவேரியா என்று ஒரு பேரினமாகவே இருந்தது. அது வேறொரு பேரினத்துள் அடங்கி இப்போது கிரைசோபோகன் ஆகிவிட்டமையால் அந்தப் பெருமையை இழந்தோம். தமிழ்ப் பெயரை விட்டுவிட்டு லத்தீனைப் படிக்கவேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். உழவனுக்கு வேண்டியது தமிழ்ப் பெயரே. அதுவும் அடைமொழியோடு முழுப் பெயராக வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது அதிகமில்லை. மரம் வெட்டுவதற்கான ஏல அறிவிப்பிலும், நீர்நிலை சுத்தம் செய்யும் உத்தரவிலும், கன்று வழங்கும் பட்டியலிலும், தமிழில் முழுப் பெயரும் அதற்கடுத்துத் தமிழ் எழுத்திலேயே இரு சொற்பெயரும் இருக்கவேண்டும். ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவே. அடங்கலில் இந்த ஏற்பாடு கொண்டுவருவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரகு, பனிவரகு என்று பிரித்து எழுதினாலே அங்கே போதும். சுத்தம் செய்யும் வேலைக்கு வருபவர்களிடம் காகிதத்தை மட்டும் கொடுக்காமல், கிராம நிர்வாக அதிகாரியும் ஆயக்கட்டுக்காரர் ஒருவரும் முதல் நாள் கண்மாயைச் சுற்றிவந்து, நிற்கவேண்டிய மரங்களில் சுண்ணாம்பு அடையாளம் இடவேண்டும். மரத்துக்கு மரம் இடவேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் கண்ட கண்மாயில் அப்படி இட்டிருந்தால் அரைநாள் வேலை.

இன்னொன்று, செலவில்லாதது. ஒவ்வொரு கிராம அலுவலகத்திலும் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை இதற்கென ஒதுக்கலாம். ஊரிலுள்ள மரங்களிலும் வயற்களைகளிலும் ஒவ்வொன்றுக்கு ஒரு சிறு கிளை, பூவும் காயும் இலையும் சேர்ந்ததாக எடுக்கவேண்டும். பூவில்லாத கிளை பயன்படாது. பழைய செய்தித்தாளின் மடிப்புக்குள் இலை மடங்காமல் பரப்பி, பலகைமேல் கனமான கல் ஏற்றி, ஈரம் உறிஞ்சிய தாளைத் தினமும் மாற்றினால் பெரும்பாலான செடிகள் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும்; மழைக்காலத்தில் சற்றுக் கூடும். காய்ந்ததைத் தடித்த தாளில் நூலால் தைத்து, ஊரில் வழங்கும் பெயர், எடுத்த இடம், தேதி, பூவின் நிறம் ஆகியவற்றை எழுதவேண்டும். நிறத்தை எழுதுவது மிக அவசியம். காய்ந்தபின் எல்லாப் பூவும் ஒரே பழுப்பு. சாஸ்திரப் பெயருக்கு இடம் விட்டு வைத்தால், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியிலோ அருகிலுள்ள வேறு கல்லூரியிலோ தாவரவியல் ஆசிரியரிடம் காட்டி நிரப்பிக்கொள்ளலாம். இவ்விலாகாவைச் சேர்ந்த ரங்காச்சாரியார் 1921-இல் தென்னிந்தியப் புற்களைப் பற்றியும், ததுலிங்க முதலியாரும் வேங்கடநாராயணாவும் 1932-இல் களைகளைப் பற்றியும் எழுதிய கைநூல்கள் பழையனவாயினும், செடியை அடையாளம் காண இன்றும் உதவுவன; பெயர்களை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும்.

இப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் கருவேலையும், எதிர்ப்பக்கத்தில் சீமைக் கருவேலையும் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சீமைக் கருவேலின் பூ ஆண்டின் பெரும்பகுதியில் கிடைக்கும். நாட்டுக் கருவேல் மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கும். அப்பொழுதே எடுத்து உலர்த்திவிடலாம். காய்க்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். கண்மாய் வற்றி வெட்டு வேலை தொடங்குவது சித்திரை வைகாசியிலாகையால், அதற்குள் இரண்டு பக்கங்களும் நிரம்பியிருக்கும்.